கன்னத்தின் எந்தப் பக்கம்? வாய்ப்புற்றின் மரபணுத்தொகுதி ஆய்வும் நோயாளிக் குறிப்பேடும்

மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதியியல் நிறுவனம் 2021இல் ‘டிபிஜென்வாக்’ என்ற தரவுத்தளத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது. வாய்ப்புற்றுக்கென்றே தொகுக்கப்பட்ட இத்தளத்தில் ஏறத்தாழ 2.4 கோடி மரபணு வேறுபாடுகள் உள்ளன. இந்திய நோயாளிகளில் 100 பேரின் எக்ஸோம், 5 பேரின் முழு மரபணுத்தொகுதி, அமெரிக்காவின் டிசிஜிஏ திட்டம் ஆராய்ந்த 220 பேரின் கட்டிகளில் காணப்பட்ட மாற்றங்கள் ஆகியவை அவற்றின் முக்கிய மூலங்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் உதட்டிலோ வாய்க்குழியிலோ புற்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர் என்று உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பான குளோபோகான் மதிப்பிடுகிறது. நூற்றைந்து பேரைப் படித்துவிட்டு ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

மாதிரிகள் போதவில்லை, இன்னும் சில ஆயிரம் கட்டிகளை வரிசைப்படுத்த வேண்டும் என்று இதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். அது சரிதான். ஆனால் முதலில் தீர்க்க வேண்டிய குறை அதுவன்று என்பது இக்கட்டுரையின் வாதம். டிஎன்ஏவைப் படிக்கும் திறன் கடந்த இருபது ஆண்டுகளில் பெருமளவு வளர்ந்திருக்கிறது. அந்த டிஎன்ஏ வாயின் எந்த இடத்திலிருந்து வந்தது, அந்த இடத்தில் என்ன பொருள் எத்தனை ஆண்டுகள் அடக்கிவைக்கப்பட்டது என்று எழுதிவைக்கும் வழக்கம் அதற்கு ஈடாக வளரவில்லை. இடமும் பழக்கமும் குறிக்கப்படாத மரபணுத் தரவு எத்தனை மடங்கு பெருகினாலும் நோயின் காரணம் பற்றிய கேள்விக்கு விடை தராது. அதோடு, கட்டியை மட்டும் படிப்பதும் போதாது. கட்டி முளைப்பதற்கு முந்திய சவ்வையும் படித்தாக வேண்டும்.

குறிப்பெழுதும் வழக்கம் இந்த நிலத்துக்குப் புதிதுமன்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பெண்டால், 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1933இல் ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் விரிவான கட்டுரை வெளியிட்டார். மரபணு என்றால் எந்த வேதிப்பொருள் என்றே உலகம் அறியாத காலம் அது. நோயாளி என்ன மென்றார் என்று கேட்டு எழுதிய பழக்கம் ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. பிற்காலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று 2003இல் முடிவு செய்தபோது, அதற்குப் பின்னே இருந்ததும் பெரும்பாலும் இத்தகைய கேள்வி பதில்களின் திரட்சிதான்.

ஓர் எழுத்தைப் படிக்கும் விதம்

வரிசைப்படுத்தும் பொறி தருவது முடிவு அன்று, சான்று. அந்தச் சான்று எப்படி உருவாகிறது என்பதைச் சற்று அருகே நின்று பார்த்தால்தான் குறிப்பேட்டின் தேவை புரியும்.

அறுவை அரங்கில் வெட்டியெடுத்த கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகி இறந்த திசு. ஆகவே உயிருள்ள விளிம்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து உடனே உறைய வைக்கிறார்கள். அதிலிருந்து பிரித்த டிஎன்ஏவை மீயொலியால் சில நூறு எழுத்து நீளமுள்ள துண்டுகளாக உடைக்கிறார்கள். எக்ஸோம் முறையில், புரதத்துக்குக் குறியீடு தரும் பகுதிகளை மட்டும் தூண்டிலிட்டுப் பிடிக்கிறார்கள். இப்பகுதிகள் மரபணுத்தொகுதியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். துண்டுகளைப் படித்து, மனித மரபணுத்தொகுதியின் மேற்கோள் வரிசையில் பொருத்துகிறார்கள். ஒவ்வோர் இடமும் நூறு முறை, அதற்கு மேலும் படிக்கப்படும். அதே நோயாளியின் இரத்தத்திலிருந்தும் இதே வேலை நடக்கும். இரத்தத்தில் இல்லாமல் கட்டியில் மட்டும் இருப்பது வாழ்நாளில் தோன்றிய மாற்றம்; இரண்டிலும் இருப்பது பிறப்பில் வந்தது.

ஹெச்ராஸ் மரபணுவின் 12ஆம் கோடானை எடுத்துக்கொள்வோம். இயல்பில் அது குவானைன், குவானைன், சைட்டோசின் என்று அமைந்து கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. நடுவிலுள்ள குவானைன் தைமினாக மாறினால் கிளைசினுக்குப் பதிலாக வேலின் வந்து அமரும். இந்த ஓரெழுத்து மாற்றத்தால் புரதம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் திறனை இழந்து, செல்லைப் பெருகும்படி ஓயாமல் ஏவிக்கொண்டிருக்கும். ஒரு கட்டியில் இந்த இடத்தை 120 முறை படித்ததில் 18 முறை தைமின் வந்தது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 15 விழுக்காடு. செல் ஒன்றுக்கு இரு படிகளில் ஒன்றே மாறியிருக்கும் என்பதால், எடுத்த துணுக்கில் புற்றுச் செல்கள் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். மிச்சம் தசை, நார்த்திசு, அழற்சிச் செல்கள். அல்லது கட்டியின் ஒரு பகுதிச் செல்களில் மட்டுமே இம்மாற்றம் இருக்கலாம். இரண்டில் எது என்பதை அந்த எண் சொல்லாது. கண்ணாடித் துண்டில் அதே திசுவைப் பார்த்த நோயியல் வல்லுநரின் குறிப்பு சொல்லும்.

இதைக் கற்பனைக் கணக்கென்று ஒதுக்க முடியாது. ஹெச்ராஸ் மாற்றமுள்ள தலை, கழுத்துப் புற்றுக்கு டிபிஃபார்னிப் என்ற மருந்தைச் சோதித்து 2021இல் வெளியான ஆய்வில், இந்த விகிதம் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தவர்களில் மதிப்பிடக்கூடிய 20 பேருள் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. நல்ல செய்திதான். ஆனால் பாக்கினால் நார் இறுகிய கன்னத்திலிருந்து வரும் துணுக்கில் நார்த்திசு மிகுந்திருக்கும். அதனால் மட்டுமே விகிதம் 20க்குக் கீழே இறங்கக்கூடும். மருந்துக்கு உரிய நோயாளி ஒருவர் மாதிரியின் தரத்தால் விலக்கப்படலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதிரியைப் பாதுகாக்கும் முறையும் எழுத்தை மாற்றும். நம் மருத்துவமனைகளின் அலமாரிகளில் பல்லாண்டுகளாகக் குவிந்திருக்கும், பாரஃபினில் பதித்த திசுத்துண்டுகள் பெருஞ்செல்வம் என்று சொல்வதுண்டு. ஆனால் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் சைட்டோசினைச் சிதைத்துத் தைமின் போலப் படிக்கச் செய்துவிடும். டிஎன்ஏவை மீயொலியால் உடைக்கும்போது குவானைன் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் தைமினாகப் படிக்கப்படும். பின்னதைத்தான் நாம் மிகவும் கவனிக்க வேண்டும். மெல்லும் புகையிலை டிஎன்ஏவில் விடுவதாகக் கருதப்படும் சுவடும் இதே வகை எழுத்து மாற்றமே. ஆய்வகத்தில் உண்டான கறையைப் பழக்கத்தின் கறை என்று படித்துவிட இடமுண்டு. இழைகளின் திசையைப் பார்த்து இதை வடிகட்டும் கணினி முறைகள் இருக்கின்றன. எந்த மாதிரி எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்ற குறிப்பு இல்லாத தொகுப்பில் அவையும் அரைக்கண்ணோடுதான் வேலை செய்யும்.

மூன்று ஆய்வுகள், இரு வேறு வாய்கள்

2011இல் சயன்ஸ் இதழின் ஒரே வெளியீட்டில் இரு அமெரிக்கக் குழுக்கள் தலை, கழுத்துப் புற்றின் எக்ஸோம்களை வெளியிட்டன. ஒன்று 74 கட்டிகளையும் மற்றொன்று 32 பேரின் கட்டிகளையும் படித்திருந்தது. எதிர்பார்த்த டிபி53 முன்னணியில் நின்றது. எதிர்பாராமல் வந்தது நாட்ச்1. இரத்தப் புற்றில் புற்றைத் தூண்டும் மரபணுவாக அறியப்பட்டது இங்கே செயலிழந்த நிலையில் காணப்பட்டதால், புற்றைத் தடுக்கும் மரபணுவாக அதை வாசித்தார்கள்.

இந்தியக் குழுவின் ஆய்வு 2013இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. பார்த்தா மஜும்தாரின் கல்யாணி நிறுவனமும் ராஜீவ் சரினின் தலைமையில் டாடா நினைவு மையத்தின் நவி மும்பை ஆய்வு மையமும் சேர்ந்து, பன்னாட்டுப் புற்று மரபணுத்தொகுதிக் கூட்டமைப்பின் இந்தியப் பங்காக இதைச் செய்தன. இவர்கள் ‘தலை, கழுத்து’ என்ற பெரிய கூடையை எடுக்கவில்லை. ஈறும் கன்ன உட்சவ்வும் சேரும் இடத்தில் வரும் புற்றை மட்டும் எடுத்தார்கள். அடக்கிவைத்த புகையிலை கிடக்கும் இடம் அது. முதலில் 50 பேரின் எக்ஸோம். அதில் கண்டவற்றை மேலும் 60 பேரிடம் சரிபார்த்தார்கள். டிபி53, ஃபேட்1, காஸ்பேஸ்-8, ஹெச்ராஸ், நாட்ச்1 ஆகியவை மேலைநாட்டுத் தொகுப்போடு ஒத்துப்போயின. யுஎஸ்பி9எக்ஸ், எம்எல்எல்4, ஏரிட்2, யுஎன்சி13சி, டிஆர்பிஎம்3 என்ற ஐந்தும் இப்பகுதிப் புற்றுக்கே உரியவையாக எழுந்தன.

ஐந்து புதுப் பெயர்களே அந்த ஆய்வின் சாதனை என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. என் மதிப்பில் அதன் பெரிய சாதனை, நோயாளியைத் தேர்ந்தெடுத்த முறை. இடத்தைக் குறுக்கியதால்தான் 110 பேரை வைத்துக்கொண்டு அவ்வளவு பேச முடிந்தது. 2015இல் நேச்சரில் வெளியான டிசிஜிஏ ஆய்வு 279 கட்டிகளைக் கொண்டது. அவற்றில் 172 வாய்க்குழியைச் சேர்ந்தவை. மிச்சம் பெரும்பாலும் குரல்வளையும் தொண்டையும். அமெரிக்க வாய்ப்புற்றில் நாக்கே முதலிடம் பெறுவது. அத்தொகுப்பில் பலரும் கவனியாது கடக்கும் ஒரு சிறு குழு உண்டு: குரோமோசோம் குலைவு குறைந்து, டிபி53 பழுதுபடாமல், ஹெச்ராஸ் தூண்டப்பட்டு, காஸ்பேஸ்-8 செயலிழந்த வாய்க்குழிக் கட்டிகள். டிசிஜிஏவில் இது ஓரத்துக் குழு. ஹெச்ராஸ் மாற்றம் அங்கே நூற்றில் சில கட்டிகளிலேயே உண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். எக்ஸோம் என்ற சொல்லே புழங்காத 1991இல், மும்பையில் தனஞ்சய சரநாத் குழுவினர், மெல்லும் புகையிலையோடு தொடர்புடைய இந்திய வாய்ப்புற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஹெச்ராஸ் மாற்றத்தைக் கண்டார்கள். 1998இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்திய வாய்ப்புற்றில் ஹெச்ராஸ் மாற்றம் மிகுந்திருப்பதை எழுதினார்கள். 59ஆம் கோடானில் ஓர் அரிய மாற்றத்தையும் காட்டினார்கள். ஒரே ஒரு மரபணுவின் சில எழுத்துகளைப் படித்த எளிய ஆய்வுகள் அவை. ஆனால் ‘மெல்லும் புகையிலை’ என்ற குறிப்பு தலைப்பிலேயே இருந்தது. பிற்காலத்துப் பெருந்தொகுப்பு ஓரத்தில் வைத்த செய்தியை அவை முன்பே நடுவில் வைத்திருந்தன.

தைவானைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே மெல்லும் பாக்கில் புகையிலை சேர்ப்பதில்லை. சுண்ணாம்பும் வெற்றிலைக் கொடியின் இலையோ பூங்கொத்தோ சேரும். பலர் தனியே சிகரெட்டும் பிடிப்பார்கள். இந்தியாவில் பாக்கும் புகையிலையும் பெரும்பாலும் ஒரே வாய்க்குள் ஒன்றாகவே போகின்றன. சென்னைத் தெருக்களில் கிடைக்கும் மாவாவும் சீவல், புகையிலை, சுண்ணாம்பு கலந்து தேய்த்ததுதான். பாக்கின் பங்கையும் புகையிலையின் பங்கையும் பிரித்தறிய இயற்கையே அமைத்துத் தந்த சோதனை இது. ஆனால் தைவான் ஆய்வில் வேறொரு சிக்கல் நுழைகிறது. ஏபோபெக்3பி மரபணுப் பகுதியின் ஒரு நீக்கம் கிழக்காசிய மக்களிடம் மிகுதி. அந்த நீக்கம் உடையவர்களில் ஏபோபெக்3ஏ நொதியின் அளவு நோயின் போக்கைக் காட்டுகிறது என்று 2017இல் தைவான் குழு ஒன்று எழுதியது. பழக்கத்தை ஒப்பிடப் போனால் பிறப்பில் வந்த வேறுபாடு குறுக்கே நிற்கிறது.

தழும்பு விடாத காரணி

ஒவ்வொரு நச்சும் டிஎன்ஏவைத் தனக்கே உரிய முறையில் கெடுக்கிறது. மாறிய எழுத்தையும் அதன் இருபுறத்து எழுத்துகளையும் சேர்த்து 96 வகையாகப் பிரித்துப் பார்த்தால், ‘சுவடு’ எனப்படும் அந்தக் கோலத்திலிருந்து காரணியை ஊகிக்கலாம். 2013 முதல் லுட்மில் அலெக்ஸாண்ட்ரோவும் மைக்கேல் ஸ்ட்ராட்டனும் வளர்த்த இந்த முறை, புகைபிடித்தலில் பெரும் வெற்றி கண்டது. நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் ஓராண்டு சிகரெட் பிடித்தால் நுரையீரல் செல் ஒன்றில் சராசரியாக 150 மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016இல் கணக்கிட்டார்கள். குரல்வளையில் 97, தொண்டையில் 39, வாயில் 23. புகை நேரே படும் வாயில் இவ்வளவு குறைவு ஏன்? புகைக்கே உரிய நான்காம் சுவடு நுரையீரலிலும் குரல்வளையிலும் பளிச்சென்று தெரிய, வாய்க்குழியில் மங்கிவிடுகிறது.

மெல்லும் புகையிலைக்கு 29ஆம் சுவடு ஒதுக்கப்பட்டது. சைட்டோசின் அடினைனாக மாறும் கோலம். எதிர் இழையில் பார்த்தால் குவானைன் தைமினாவது. புகையின் சுவட்டிலும் இதே மாற்றம்தான், ஆனால் பக்கத்து எழுத்துகள் வேறு. முதலில் இது காணப்பட்டது ஈறு, கன்னப் பகுதிப் புற்றில், அதாவது மேற்சொன்ன இந்திய மாதிரிகளில். இங்கே என் ஐயத்தைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸோமில் ஒரு கட்டிக்குக் கிடைக்கும் மாற்றங்கள் சில பத்துகளிலிருந்து சில நூறு வரைதான். அவற்றை 96 பெட்டிகளில் பரப்பி ஒரு கோலத்தைப் பிரித்தெடுப்பது கடினம். அதைவிடப் பெரிய இடர், அச்சுவட்டின் பெயர். ‘புகையிலை மெல்லுதல்’ என்ற பெயர் வந்தது நோயாளியின் குறிப்பேட்டிலிருந்து. அந்தக் கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் புகையிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்தார்கள்? குறிப்பேட்டில் பாக்குக்குத் தனிக் கட்டம் இல்லையென்றால், பாக்கு செய்ததும் புகையிலையின் கணக்கிலேயே ஏறும். கணினியால் இதைத் திருத்த முடியாது.

பாக்கு மட்டும் தனியே என்ன செய்கிறது? சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. அந்நிலையில் பாக்கின் பாலிபீனால்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தீவிரமாக்குகின்றன. இது டிஎன்ஏவைக் கெடுக்கும் வழி. மற்றொரு வழி, பாக்கிலுள்ள அரிகோலின் நார்த்திசுச் செல்களைத் தூண்டுவது. பாக்கில் செறிந்துள்ள செம்பு, கொல்லாஜனைக் குறுக்கே பிணைக்கும் நொதியை முடுக்குகிறது. சவ்வுக்கடியில் நார் இறுகி, நாளடைவில் விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காத நிலை வருகிறது. எழுத்து எதுவும் மாறாமலே செல்லின் சூழலை மாற்றும் வழி இது. இஸாக் பெரன்பிளம் 1940களில் எலித்தோலில் காட்டியது இதைத்தான்: ஒரு பொருள் செல்லைக் கெடுக்கிறது, தானாகக் கெடுக்காத இன்னொன்று கெட்ட செல்லை வளர்க்கிறது.

பின்னது சுவடு விடாது. எலிகளில் 20 புற்றுக் காரணிகளைச் சோதித்து 2020இல் வந்த ஆய்வில், பெரும்பாலானவை தமக்கே உரிய சுவடு எதையும் விடவில்லை. 2021இல் எட்டு நாடுகளிலிருந்து 552 உணவுக்குழாய்ப் புற்றுகளின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். ஈரானிலும் கென்யாவிலும் அந்நோய் பிரிட்டனைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் மாற்றங்களின் கோலம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நோய் மிகுவதற்கான காரணம் டிஎன்ஏவில் தடம் பதிக்காமலே வேலை செய்திருக்கிறது.

வாய்ப்புற்றுக்கும் இது பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன். 2022இல் உலகில் கண்ட 3,89,800 வாய்ப்புற்றுகளில் 1,20,200ஐப் புகையற்ற புகையிலையும் பாக்கும் உண்டாக்கின. அவற்றில் 83,400 இந்தியாவில் என்பது புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்கு. இத்தனை பேரை வீழ்த்தும் பொருள் மரபணுத்தொகுதியில் மங்கலான சுவட்டை மட்டுமே விடுகிறது என்றால், அதன் வேலையின் ஒரு பெரும்பகுதி சுவடு விடாத வகையில் நடக்கிறது என்று கொள்வதே பொருத்தம். சுவடு தெரியவில்லை என்பதைக் காட்டிப் பாக்கைக் குற்றமற்றது என்று வாதிட நாளை ஒரு வணிகத் தரப்பு வரக்கூடும். சிகரெட் வழக்குகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது வீண் அச்சமாகத் தோன்றாது.

நாட்ச்1 தரும் எச்சரிக்கை

கட்டியில் அடிக்கடி மாறும் மரபணுவே கட்டியை உண்டாக்கியது என்பது இத்துறையின் அடிப்படை எடுகோள். 2018இல் அதில் விரிசல் விழுந்தது. இன்யிகோ மார்ட்டின்கொரெனாவும் தோழர்களும் நலமாயிருந்த உணவுக்குழாயின் சவ்வைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டிப் படித்தார்கள். நடுவயதில் அச்சவ்வின் பெரும்பரப்பை நாட்ச்1 மாறிய செல்கள் கைப்பற்றியிருந்தன. உணவுக்குழாய்ப் புற்றில் காண்பதைவிட நலமான சவ்வில் அம்மாற்றம் அதிகம். 2023இல் வந்த எலி ஆய்வு ஒருபடி மேலே போனது: நாட்ச்1 இழந்த செல்கள் சவ்வில் விரைந்து பரவுகின்றன, ஆனால் கட்டியின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. 2011இல் பெருங்கண்டுபிடிப்பாக வந்த மரபணுவின் நிலை இது. அது உணவுக்குழாய், இது வாய். ஆகவே முடிவை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் நலமான வாய்ச்சவ்வில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கட்டியில் கண்டதற்குப் பொருள் சொல்ல முடியாது என்பது உறுதி.

டேன்லி ஸ்லாட்டர் 1953இலேயே 783 வாய்ப்புற்று நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து, கட்டியைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதும் ஏற்கெனவே கெட்டிருக்கிறது என்று எழுதினார். வெட்டியெடுத்த பிறகும் அருகிலேயே மீண்டும் கட்டி வருவதன் காரணம் அது. அதனால்தான் வாய்ப்புற்று ஆய்வில் ஒப்பீட்டுக்குப் பக்கத்துச் சவ்வை வைக்காமல் இரத்தத்தை வைக்கிறார்கள். விந்தை என்னவென்றால், ‘ஒப்பிடத் தகாதது’ என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பக்கத்துச் சவ்வில்தான் நமக்கு வேண்டிய வரலாறு இருக்கிறது.

அதைப் படிக்கும் வழியும் இப்போது வந்துவிட்டது. இரு இழைகளையும் தனித்தனியே சரிபார்த்துப் பிழையைப் பெரிதும் குறைக்கும் நானோசீக் முறையை வைத்து, பிரிட்டன் இரட்டையர் பதிவேட்டிலிருந்து 1,042 பேரின் வாய்ச்சவ்வு மாதிரிகளைப் படித்து 2025இல் நேச்சரில் வெளியிட்டார்கள். கத்தி படவில்லை, கன்னத்தின் உட்புறத்தில் தடவி எடுத்ததுதான். வாய்ச்சவ்வில் 46 மரபணுக்களின் மாற்றங்கள் தேர்வு பெற்றுப் பரவுவது தெரிந்தது. அந்தக் கன்னங்களில் புகையிலை அடக்கியவர் எவரும் இருந்திருப்பார்களா என்பது ஐயமே. இதே சோதனையை மெல்லுவோர் நிறைந்த நாட்டில் செய்யாமல், மேலும் ஆயிரம் முற்றிய கட்டிகளைப் படிக்கப் பணம் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

சிகிச்சைக்குப் பயன்படுவது கட்டியின் வரிசைதானே என்று கேட்கலாம். ஹெச்ராஸ் உண்மையில் ஒரு நல்ல இலக்கு. அதற்காகக் குறிப்பிட்ட சில மரபணுக்களை மட்டும் சோதித்தாலே போதும். மற்றபடி, இந்நோயில் உயிர்களைக் காத்த இந்திய ஆய்வுகள் மரபணுவைத் தொடவே இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறந்து பார்த்த சோதனை, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவை 34 விழுக்காடு குறைத்ததாக 2005இல் லான்செட் வெளியிட்டது. கழுத்து நிணநீர்க்கணுக்களை முதலிலேயே நீக்குவதன் பயனை 2015இல் டாடா நினைவு மருத்துவமனை காட்டியது. அதே மருத்துவமனை 2022இல் நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்து, ஓராண்டு உயிர்வாழ்வோரை 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆக உயர்த்தியது. மரபணு ஆய்வு இவற்றோடு போட்டியிட வேண்டியதில்லை. இவற்றால் முடியாத ஒன்றை அது செய்ய வேண்டும்: வெண்படலமும் நார் இறுக்கமும் கண்ட பல்லாயிரம் வாய்களில் எது புற்றாகும் என்று முன்கூட்டிச் சொல்வது.

எர்ணாகுளத்தில் நார் இறுக்கம் கண்ட 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, அவர்களில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்று வந்ததாக 1985இல் எழுதினார்கள். ஐந்து பேர். மற்ற 61 பேரின் சவ்வில் நடக்காதது அந்த ஐவரிடம் என்ன நடந்தது என்பதைக் கண்டறியும் கருவி அன்று இல்லை. இன்று கருவி இருக்கிறது. அத்தகைய தொடர் கண்காணிப்பு அரிதாகிவிட்டது. மூன்றாண்டுத் திட்டநிதியில் பதினேழாண்டுக் கேள்வியை யாரும் கேட்க முடியாது.

ஒரே வாய், இரு கன்னங்கள்

ஆக, வேண்டுவது என்ன? குறிப்பேட்டில் ‘புகையிலை: உண்டு, இல்லை’ என்ற ஒற்றைக் கட்டத்தை நீக்கிவிட்டு, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு, மது ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வேண்டும். கைனியா, மாவாவா, குட்காவா, வீட்டில் மடித்த வெற்றிலையா என்பதும், எந்த வயதில் தொடங்கியது, இரவில் அடக்கிக்கொண்டே தூங்குவதுண்டா என்பதும் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா தடையில் இருப்பதால் நோயாளி சொல்லத் தயங்குவார். பெண்கள் இன்னும் தயங்குவார்கள். கேட்பவர் வெள்ளை அங்கியில் நின்று கேட்டால் வரும் பதில் வேறு, பக்கத்தில் அமர்ந்து கேட்டால் வரும் பதில் வேறு. சமூகப் பணியாளர்களை ஆய்வுக் குழுவின் முழு உறுப்பினராக்காமல் இது கைகூடாது.

மேலும், எந்தக் கன்னம் என்பது குறிக்கப்பட வேண்டும். மெல்லுபவர் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அடக்குவார். புற்று இல்லாத, ஆனால் நெடுங்காலம் மெல்லும் ஒருவரின் இரு கன்னங்களிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்தால், வயது, பிறப்பு மரபு, உணவு, மது, புகை எல்லாம் இரு மாதிரிக்கும் பொது. வேறுபடுவது அடக்கிய பொருள் மட்டும். தைவான் ஒப்பீட்டில் குறுக்கே நின்ற மரபுவழிச் சிக்கல் இங்கே எழாது. எச்சில் வழியாக மறுபக்கமும் ஓரளவு நனையும் என்பதால் கிடைக்கும் வேறுபாடு உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்த ஆய்வு என் சாய்வைப் பொய்யாக்கவும் கூடும். பாக்கு மட்டும் மென்றவர்களின் அடக்கிய கன்னத்தில், மறு கன்னத்தில் இல்லாத தெளிவான புதுச் சுவடு ஒன்று எழுத்து மாற்றங்களாகக் கிடைத்தால், பாக்கு பெரும்பாலும் சூழலை மாற்றியே புற்றை வளர்க்கிறது என்று நான் மேலே சொன்னது விழுந்துவிடும். இரு கன்னங்களிலும் மாற்றங்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாகவும், டிபி53, காஸ்பேஸ்-8 போன்றவை மாறிய செல்கூட்டங்கள் மட்டும் அடக்கிய பக்கத்தில் அகன்று பரந்தும் இருந்தால் அது நிலைக்கும். எண்ணிக்கையிலும் பரப்பிலும் எந்த வேறுபாடும் தெரியாவிட்டால், பக்கத்தைக் குறிக்க வேண்டும் என்ற கோரிக்கையையே கைவிட்டு, மெத்திலேற்றம் போன்ற, எழுத்து மாறாமல் நிகழும் மாற்றங்களின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.